‘பிரச்சினை எதுவுமில்லை’ எண்டு எழுதின ஆறு வருசம்

எனக்கு வயசு முப்பத்தொண்டு. நான் ரிட்டயர் ஆகி ரெண்டு வருசம். சிரிக்கிறவங்க சிரிச்சி முடிச்சிட்டு வாங்க, நான் நிக்கிறன்.

கெம்பஸில ஒரு டிபார்ட்மென்டில ஆறு வருசம் பியூனா இரிந்தன். எங்கட கல்முனைக்குடியில அறுவது வயசில ரிட்டயர் ஆனா பொன்னாட போத்துவாங்க, மேடையில ஏத்தி ‘அன்னாரின் அளப்பரிய சேவை’ எண்டு மௌத்தாகி அடக்கினவனப் பத்திக் கதைக்கிற மாதிரி கதைப்பாங்க. எனக்குக் கிடைச்சது ஒரு கடிதம். அதுக்கும் நானே ரெண்டு கொப்பி எடுத்து, ஒண்ட ஃபைல்ல போட்டுட்டுத்தான் வெளிக்கிட்டன். கடைசி நாளும் கடம தவறல்ல, பாருங்க.

இப்ப என்னத்துக்கு இத எழுதிறன் எண்டா, என்ட இடத்துக்கு வந்திரிக்கிற சிபான் போன கிழம போன் அடிச்சான். கலியாணம் முடிச்சி ரெண்டு புள்ள உள்ள ஆள், ஆனா என்ன அண்ணன் முறையில ‘நானா’ எண்டுதான் கூப்பிடுவான்.

“நானா, இந்த மென்டரிங் எல்லாம் இப்ப கொம்பியூட்டர்ல ஆக்கிட்டாங்க. ஒவ்வொரு புள்ளட பேருக்கும் நேர ரெண்டு பெட்டி இரிக்கி. ‘பிரச்சினை உண்டு’, ‘பிரச்சினை இல்லை’. எதுல டிக் போடுற?”

“ஏன்டா, நீயா மென்டர்? லெக்சரர்மாரெல்லே போடோணும்?”

“சேர் பாஸ்வேர்ட துண்டில எழுதித் தந்திட்டுப் போயிட்டார் நானா.”

கொம்பியூட்டர் வந்தா நாடு முன்னேறும் எண்டாங்க. முன்னேறிட்டு. முந்தி நாங்க பேனயால செஞ்சத இப்ப விரலால செய்யிறாங்க. அவனுக்குப் போன்ல சொன்னா விளங்காது, அதால எழுதிறன். மத்தவங்களும் வாசிங்க, காசா பணமா.

நான் படிச்ச கதைய சுறுக்கா சொல்லிடுறன், சொல்ல ஒண்டுமில்ல. கெம்பஸுக்குப் போக எழுதிற ஏ.எல் சோதின ரெண்டு தரம் எடுத்தன். ரெண்டு தரமும் சோதின என்ன எடுத்திட்டு. வாப்பா ஒரு அரசியல்வாதிட ஊட்டு வாசல்ல மூண்டு மாசம் நிண்டு ஒரு கடிதம் வாங்கினார். கெம்பஸுக்குள்ள போக மூண்டு பாடம் பாசாகோணும் எண்டு ஊரெல்லாம் சொல்லுது. நான் ஒரு கடிதத்தோட போனன். அதுவும் நிரந்தரமில்ல, வருசத்துக்கு வருசம் புதுப்பிக்கிற வேல.

மென்டரிங் எண்டா என்னெண்டு தெரியாதவங்களுக்குச் சொல்றன். ஒவ்வொரு லெக்சரருக்கும் இருவது புள்ளைகளப் பிரிச்சிக் குடுப்பாங்க. செமஸ்டருக்கு மூண்டு தரம் அந்தப் புள்ளயக் கூப்பிட்டு, படிப்பு எப்பிடி, ஊட்டுல எப்பிடி, சுகமா, துக்கமா எண்டு கேக்கோணும். கேட்டத ஒரு ஃபோமில எழுதி, புள்ளயும் கையெழுத்து, மென்டரும் கையெழுத்து. நல்ல திட்டம். ஆரோ நல்ல மனிசன் யோசிச்சிரிக்கான். அந்த மனிசன் எங்கட டிபார்ட்மென்டுத் தலைவர் ஹெட் சேரக் காணல்ல, அவ்வளவுதான்.

ஹெட் சேர் கெட்டவர் இல்ல. அதையும் சொல்லிடோணும். பெருநாளைக்கு எனக்கு சாரன் வாங்கித் தந்த மனிசன். ஆனா அவருக்கு நேரம் இல்ல. எந்த நேரமும் ஒரு போன் காதில, ஒரு போன் கையில. கண்ணாடிய நெத்தியில ஏத்தி வெச்சிட்டு, கண்ணாடியத் தேடுவார். கையெழுத்துப் போடுற நேரம் மட்டும் கண்ணாடி தேட மாட்டார். அதுக்கு என்னத்துக்கு கண்ணாடி? நான் அறுவது ஃபோம மீன்காரன் பாரைய அடுக்கின மாதிரி ஓரம் மட்டும் தெரிய அடுக்கி வெப்பன். அவர் நிண்ட நிலையில, போன்ல “ஓம் ஓம், புரொமோஷன் ஃபைல் போயிட்டு” எண்டு கதச்சிக்கிட்டே சர் சர் எண்டு போட்டுட்டுப் போவார். அறுவதுக்கு ஒண்டரை நிமிசம். நான் போன்ல நேரம் வெச்சிப் பாத்திரிக்கன்.

அவருக்கு இன்னுமொரு பழக்கம். செய்ய ஏலாத எதையும் ஏலாது எண்டு சொல்ல மாட்டார். “இன்ஷா அல்லாஹ், பாப்பம்” எண்டுவார். அல்லாஹ்ட பேரால குடுக்கிற வாக்கு அது. இவர் அதால கதவு சாத்துவார்.

அப்ப ஃபோம நிரப்புறது ஆரு? முதல் வருசம் சேர் சொன்னார், “அஸ்மி, உன்ட கையெழுத்து நல்லமெல்லே. நீயே எழுதிடு மகன், நான் பாத்து சைன் வெக்கிறன்.” ஏ.எல் ரெண்டு தரம் விட்டவனுக்கு கெம்பஸில ஒரு டொக்டர் பட்டம் எடுத்த மனிசன் இப்பிடிச் சொன்னா என்ன செய்யிற? நெஞ்சி பொங்கிட்டு. சேரக் கண்டு மற்ற லெக்சரர்மாரும் தங்கட ஃபோம என்ட தலையில கட்டினாங்க. அண்டையில இரிந்து அந்த டிபார்ட்மென்டில நூத்திருவது புள்ளைக்கும் மென்டர் நான்தான்.

நான் செஞ்சா ஒழுங்காச் செய்வன். மூண்டு பேன வெச்சிரிந்தன், மூண்டும் வேற வேற நீலம். அஞ்சி ஃபோமுக்கு ஒரு பேன. புள்ளைகள்ட கையெழுத்த இடக்கையால போடுவன், அப்பதான் நூத்திருவதும் நூத்திருவது மாதிரி வரும். பத்து ஃபோமுக்கு ஒண்டில தேத்தண்ணிக் கோப்பய வெச்சி ஒரு வட்டம் எடுப்பன். உக்காந்து கதச்சாங்க எண்டு தெரியோணுமே! திகதி எண்டா எல்லாம் புதன்கிழம. ஏன் எண்டு கேக்காதீங்க, எனக்குப் புதன் எழுத லேசு. ‘பிரச்சினைகள்’ எண்ட இடத்தில எல்லாருக்கும் ஒரே வரி: பிரச்சினை எதுவுமில்லை. இலங்கையில இவ்வளவு சந்தோசமான நூத்திருவது பேர் வேற எங்கயும் இரிந்திரிக்க மாட்டாங்க.

அதுதான் பிழைச்சிப் போச்சி. கொழும்பில இரிந்து தரம் பாக்க ஒரு கூட்டம் வந்திச்சி. அதில ஒரு மனிசி ஃபைல புரட்டிட்டு, “ஒரு பிள்ளைக்குக் கூட ஒரு பிரச்சினையும் இல்லையா?” எண்டு கேட்டா. சேருக்கு வேர்த்திட்டு. அவங்க போனதும் என்னக் கூப்பிட்டார்.

“அஸ்மி, இனிமே கொஞ்சம் பிரச்சினையும் கலந்து போடு.”

“எவ்வளவு சேர்?”

“கறிக்கு உப்புப் போடுற மாதிரி.”

நான் ஒரு லிஸ்ட் அடிச்சன். கண் பார்வை. இங்கிலீசுப் பயம். ஹொஸ்டல் சாப்பாடு. ஊட்டு ஞாபகம். காதல் தோல்வி. ஆறு பேருக்கு ஒருத்தர் வீதம், மேல இரிந்து கீழ வரிசையாப் பங்கு வெச்சன். நோன்புக் கஞ்சி பங்கு வெக்கிற மாதிரி, ஒருத்தருக்கும் அநியாயமில்ல.

காதல் தோல்வி றஸீனுக்கு விழுந்திட்டு. மருதமுனப் பொடியன். குர்ஆன மனனம் செஞ்சவன். பொம்புளப் புள்ள எதிர வந்தா மதிலப் பாத்துக்கிட்டு நடக்கிறவன். புள்ளைகளுக்கு ஆலோசன சொல்ல புதுசா வந்த கவுன்சிலர் உண்மையான வேலக்காரி போல, ஃபோம வாசிச்சிட்டா. வாசிப்பாங்க எண்டு ஆரு கண்ட? ஊட்டுக்குப் போன் போயிட்டு. அடுத்த நாள் காலத்தால றஸீன்ட உம்மா ஓட்டோவில வந்து இறங்கினா. நான் அழுக வரும் எண்டு தண்ணிப் போத்தலோட நிண்டன்.

“ஆருகா அந்தப் புள்ள?” எண்டு என்னக் கேக்கிறா.

“எந்தப் புள்ள உம்மா?”

“இவன வேணாம் எண்டு சொன்ன புள்ள. நல்ல குடும்பமா? காணி வளவு இரிக்கா? ஊடு கட்டிட்டாங்களா, இனித்தான் கட்டப் போறாங்களா?”

எங்கட பக்கம் பொம்புளப் புள்ளக்கித்தான் ஊடு. மாப்புள ஒரு சூட்கேசோட போற ஆள். அவ ராவு முழுக்க அந்த ஊட்டுக்கு எத்தன அற எண்டு யோசிச்சிக்கிட்டு இரிந்திரிக்கா. றஸீன் பின்னுக்கு நிண்டு அழுகிறான், “உம்மா, எனக்கு ஒண்டும் தெரியா.” உம்மா திரும்பி, “நீ வாய மூடு. இருவத்திமூண்டு வயசில இப்பதான் ஒரு நல்ல கத வந்திரிக்கி” எண்டுறா. இல்லாத மருமகளுக்காக அந்த மனிசி ஒரு மாசம் எனக்குப் போன் அடிச்சிச்சி.

இதெல்லாம் சொல்லிச் சொல்லி நான் நிறைய சிரிப்பு வாங்கினனான். மற்றக் கதய ஆருக்கும் சொல்றல்ல. சிபானுக்கு வேணும் எண்டதால சொல்றன்.

தர்ஷினி எண்டு ஒரு புள்ள. மூண்டாம் வருசம். ஆலையடிவேம்பில இரிந்து பஸ்ஸில வாற. தாய் குவைத்தில வேல. தகப்பனுக்கு சீனி வருத்தம், காலில காயம் ஆறாம முழங்காலுக்குக் கீழ எடுத்திட்டாங்க. பெரியாஸ்பத்திரியில மாசக் கணக்கா கிடக்கார். ஊட்டுல வேற ஆள் எண்டா ஓ.எல் படிக்கிற தம்பி மட்டும்தான். ஆம்புள வார்டில ராவைக்கு பொம்புளயள நிக்க விட மாட்டாங்க. அதால ராவைக்குத் தம்பி, பகலைக்கு இந்தப் புள்ள. லெக்சர் பகல்லதானே. தம்பி ஸ்கூல்ல நித்திர, இவ லெக்சருக்கு இல்ல. எண்பது வீதம் வரவு இல்லாட்டி சோதின எழுத விட மாட்டாங்க. ஆனா ஒரு விதி இரிக்கி: இப்பிடி ஒரு கஷ்டம் வந்தா மென்டருக்கு முன்னுக்கே அறிவிச்சிரிந்தா, பாத்து விடலாம்.

இந்தப் புள்ளக்கி அந்த விதி தெரிஞ்சிரிக்கி. அவட மென்டர் எங்கட ஹெட் சேர்தான், நாலு தரம் அவரத் தேடி வந்திச்சி. முதல் தரம் சேர் மீட்டிங். ரெண்டாந்தரம் கொழும்பு. மூண்டாந்தரம் லுஹர் தொழப் போனவர் வரவேயில்ல. நாலாந்தரம் சேர் உள்ளுக்கு இரிந்தார். கதவு நீக்கலால புள்ளயக் கண்டிட்டு, எனக்குக் கையால காட்டினார், இல்ல எண்டு சொல்லு எண்டு. நான் சொன்னன்.

அப்பதான் அந்தப் புள்ள என்னிட்டச் சொல்லிச்சி, எல்லாத்தையும், நிண்ட நிலையில. சொல்லிப் போட்டுக் கேட்டிச்சி, “நானா, இத நான் கடிதமா எழுதித் தரவா?”

நான் என்ன சொன்னன் தெரியுமா? “என்னத்துக்கு தங்கச்சி கடிதம்? கடிதம் எழுதினா அந்நியம் மாதிரி. நான் சேரிட்ட வாயால சொல்றன், நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

எங்கட ஊரில அப்பிடித்தான். பக்கத்து ஊட்டுக்கு கலியாணத்துக்கு கார்ட் மட்டும் அனுப்பினா கோவிப்பாங்க, வாயால வந்து சொல்லோணும். வாய்க்குத்தான் மரியாத. அத நான் கெம்பஸுக்குள்ள கொண்டுபோய் வெச்சன். முட்டாள் வேல.

சொல்லாம விடல்ல. அண்டைக்கே சொன்னன். சேர் சப்பாத்து மாட்டிக்கிட்டு இரிந்தார்.

“சேர், அந்த ஆலையடிவேம்புப் புள்ளட தகப்பனுக்குக் கால் எடுத்திட்டாங்களாம். லெக்சருக்கு வர ஏலாம இரிக்காம்.”

“ம்ம். பாவம். இன்ஷா அல்லாஹ், பாப்பம்.”

கத முடிஞ்சி. மறுகா செமஸ்டர் முடிவில நான் வழமை மாதிரி மூண்டு பேனயோட உக்காந்தன். பிரச்சின பங்கு வெக்கிற நேரம் நான் பேர் பாக்கிறல்ல, நம்பர்தான். வரிசையாப் பங்கு வெச்சிக்கிட்டு வந்தன். அவட நம்பருக்கு ஒண்டும் விழல்ல. ‘குடும்ப நிலை: சிறப்பு. படிப்பு: திருப்தி. பிரச்சினை எதுவுமில்லை.’ இடக்கையால தர்ஷினி எண்டும் போட்டன், ஆரெண்டு யோசிக்காம, சுழிய மட்டும் பாத்து. அந்தக் கையெழுத்து நல்லா வந்திச்சி எண்டு எனக்கு ஞாபகமும் இரிக்கி.

சோதின லிஸ்ட் ஒட்டின நாள் அவட நம்பருக்கு நேர சிவப்புக் கோடு. என்ட மேசைக்கு வந்திச்சி. அழல்ல.

“நானா, சேரிட்ட சொன்னீங்கதானே?”

“சொன்னன் தங்கச்சி.”

“இந்த வருசம் போனா, பட்டம் ஒரு வருசம் பிந்தும். என்ட படிப்பு முடியுது எண்டு அம்மா இந்த முற வரத்தான் இருந்தவ. பிந்தினா இன்னும் ரெண்டு வருசத்துக்கு விசா அடிச்சிருவா நானா. அப்பாவயும் தம்பியயும்...”

அதோட நிப்பாட்டி, அப்பீல் ஃபோம் எங்க இரிக்கி எண்டு கேட்டிச்சி. எடுத்துக் குடுத்தன்.

அப்பீல் விசாரண ஒரு சின்ன அறயில. நடுவில ஒரு மெடம், முடி முழுக்க நரச்ச மனிசி, பக்கத்தில வேற டிபார்ட்மென்ட் சேர் ஒருத்தர், ஓரத்தில எங்கட ஹெட் சேர், மென்டர் எண்ட முறையில. முன்னுக்கு அந்தப் புள்ள. நான் தேத்தண்ணியும் ஃபைலும் கொண்டு போனன்.

மெடம் ஃபைல விரிச்சா. “தர்ஷினி, உங்கட மென்டர்ட பதிவில படிப்பு திருப்தி, குடும்பம் சிறப்பு எண்டு இருக்கு. மூண்டு தரம் சந்திச்சிருக்கிறீங்க. நீங்களே கையெழுத்து வெச்சிருக்கிறீங்க. இப்ப வந்து அப்பாவுக்குச் சுகமில்ல எண்டு சொல்றீங்க.”

“அது என்ட கையெழுத்து இல்ல மெடம்.”

ஹெட் சேர் சிரிச்சார். “எல்லாப் புள்ளைகளும் மாட்டினா இதத்தான் சொல்ற, மெடம்.”

அந்தப் புள்ள என்னக் காட்டிக் குடுக்கல்ல. ‘இந்த நானாட்டச் சொன்னன்’ எண்டு ஒரு வார்த்த சொன்னாப் போதும். சொல்லல்ல. என்ன நிமிந்து பாக்கவுமில்ல. பாத்திரிந்தா எனக்குக் கோவம் வந்திரிக்கும், கோவத்தில தப்பியிருப்பன். மேசையப் பாத்துக்கிட்டு நிண்டிச்சி. ட்ரேய வெச்சிக்கிட்டு நான் எவ்வளவு நேரம் நிக்கிற?

“மெடம், அது நான் போட்ட கையெழுத்து.”

“நீங்க ஆரு?”

“பியூன், மெடம்.”

சேர், “அஸ்மி, வெளிய போ” எண்டார். மெடம், “நில்லுங்க” எண்டா. ரெண்டு பேர் ரெண்டு பக்கம் இழுத்தா நான் எங்க போற? நிண்டன்.

“எப்பிடி நம்பிற?” எண்டு மற்ற சேர் கேட்டார். பேப்பர் ஒண்ட என்ட பக்கம் தள்ளினார். நான் பேனய இடக்கைக்கு மாத்தி, தர்ஷினி எண்டு போட்டன். அப்பிடியே இருந்திச்சி, ஒரு சுழியும் மாறல்ல. மறுகா ஃபைலத் திருப்பிக் காட்டினன். “இந்த ரெண்டாவது சந்திப்பு புதன்கிழம மெடம். அண்டைக்குப் பௌர்ணமி, போயா லீவு. கெம்பஸ் கேட்டே திறக்கல்ல. நான் கலண்டர் பாக்காம எழுதிட்டன்.”

மெடம் போன எடுத்துக் கலண்டரப் பாத்தா. மறுகா மற்ற ஃபோமுகளப் புரட்டினா.

“இன்னும் ஆர்ர கையெழுத்தெல்லாம் போடுவீங்க?”

“மூண்டாம் வருசம் முழுக்க மெடம். ரெண்டாம் வருசம் பாதிதான் பழகியிருக்கன்.”

“உங்கட ஹெட்ட கையெழுத்து?”

“அது எனக்கு வராது மெடம். அது அவரே போட்டது. வாசிக்காமப் போட்டது.”

ஹெட் சேர் தேத்தண்ணிக் கோப்பய எடுத்துக் குடிச்சார். அது நான் இன்னும் ஊத்தாத கோப்ப.

மறுகா எல்லாத்தையும் சொன்னன். நாலு தரம் புள்ள வந்தத, சேர் கையால காட்டினத, கடிதம் வேணாம் எண்டு நான் சொன்னத. மெடம் எழுதிக்கிட்டே இரிந்தா. ஆறு வருசத்தில ஒரு ஆள் என்ட கதைய எழுதினத நான் அண்டைக்குத்தான் கண்டன்.

தர்ஷினிக்கு சோதின எழுத அனுமதி கிடைச்சிட்டு. சேருக்கு ஒரு கடிதம்: இனிமே ஒவ்வொரு புள்ளயயும் தானே நேர சந்திக்கோணும், சந்திச்சத மெடத்திட்ட காட்டோணும். எனக்கு ஒரு கடிதம்: புதுப்பிக்க மாட்டம். என்ட கடிதத்தில சேர்தான் கையெழுத்து வெக்கோணும். நெத்தியில கிடந்த கண்ணாடிய இறக்கி, ரெண்டு தரம் வாசிச்சிட்டுப் போட்டார். அவர் ஒரு கடிதத்த வாசிச்சதுக்கு நான் காரணமா இரிந்தன் எண்ட பெரும எனக்கு இரிக்கி.

“என்னக் கவுத்திட்டாய்டா” எண்டார்.

“இல்ல சேர். நாம ரெண்டு பேரும் சேந்து அந்தப் புள்ளயக் கவுத்தம். நான் என்ட பக்கத்த மட்டும் நிமித்தினன்.”

இதக் கேட்டா நான் பெரிய வீரன் மாதிரி இரிக்கி. பொய். சொல்லிட்டு ஊட்ட போய் ரெண்டு நாள் பாயில கிடந்தன். உம்மா, “நல்லவன் எண்டு பேர் எடுக்க இது என்ன ஒட்டகமா, அறுத்துக் குர்பான் குடுக்க? வேலயெல்லே!” எண்டு ஏசினா. அவ சொன்னதும் நியாயம்தான். இப்ப மச்சான்ட கடையில போன் கவர் விக்கிறன். அந்தக் கையாலதான் போனுக்குக் கண்ணாடி ஒட்டுறன், ஒரு குமிழியும் வராது.

வேல போய் ஒரு மாசம் இரிக்கும், பகல் நேரம், கடையில ஒரு போனுக்கு பெட்டரி மாத்திக்கிட்டு இரிந்தன். சேர்ட நம்பர். எடுக்கிறயா விடுறயா எண்டு யோசிச்சி எடுத்தன்.

“அஸ்மி.” குரல் ரகசியம். “அந்தப் புள்ள வந்திரிக்கி.”

“எந்தப் புள்ள சேர்?”

“அந்த ஆலையடிவேம்புப் புள்ள. மென்டர் சந்திப்பு. முன்னுக்கு இரிக்கி. நான் வெளிய வந்து கதைக்கிறன்.”

“நல்லம்தானே சேர்.”

“நல்லமில்லடா. நான் என்னத்தக் கேக்கிற?”

நான் சத்தியமாச் சொல்றன், பகிடி வாய் வரைக்கும் வந்திட்டு. டொக்டர் பட்டம் எடுத்த மனிசன், ஏ.எல் ரெண்டு தரம் விட்டவன்ட்ட, ஒரு புள்ளட்ட என்னத்தக் கேக்கிற எண்டு கேக்கிறார். ஆனா அந்தக் குரல் பகிடிக்கு இடம் தரல்ல. மனிசன் பயந்திரிக்கார். ஆறு வருசமா நான் இருந்த கதிரயில அண்டைக்குத்தான் அவர் முதல் தரம் இருக்கப் போறார்.

“சேர், உள்ளுக்குப் போங்க. அப்பாக்கு எப்பிடி எண்டு கேளுங்க.”

“மறுகா?”

“மறுகா நீங்க ஒண்டும் கதைக்காதீங்க.”

ம்ம் எண்டார். கதவு திறக்கிற சத்தம் கேட்டிச்சி. போன கட் பண்ண மறந்திட்டார் மனிசன், அவருக்கு எந்த நாளும் அந்தப் பழக்கம். நானும் கட் பண்ணல்ல. கதிர இழுக்கிற சத்தம். தொண்டையச் செருமுற சத்தம், ரெண்டு தரம்.

“மகள்... அப்பாக்கு எப்பிடி இரிக்கி?”

காத்தாடி சுத்துறது மட்டும் கேக்குது. மறுகா அந்தப் புள்ளட குரல், மெதுவா:

“எந்த மாசத்தில இருந்து சொல்ல சேர்?”